பார்லி மகரந்தப்பை வளர்ப்பு: குளிரா, மானிட்டாலா, எத்தனை நாள்?

கேள்வி, பிப்ரவரி 4

பார்லிக் கதிரை 4 டிகிரியில் 28 நாள் வைத்த பிறகுதான் மகரந்தப்பையை எடுத்து ஊடகத்தில் போடுகிறேன். கருவுக்குக் குறைவில்லை. ஆனால் வெளிச்சத்துக்கு மாற்றியதும் நாற்றில் பாதிக்கு மேல் வெள்ளை. இன்னும் ஒரு வாரம் குளிரில் வை என்கிறார் வழிகாட்டி. குளிரைக் கூட்டினால் பச்சை நாற்று அதிகமாகுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

எனக்குத் தெரிந்து ஆகாது. கரு வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் வரும், வெள்ளையும் கூடவே வரும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: மகரந்தப்பைக்குள் இருக்கும் இளம் மகரந்தத்தைக் கருவாக்கி, ஒற்றைத் தொகுதிக் குரோமோசோமை இரட்டித்து, ஒரே தலைமுறையில் தூய வரிசைச் செடி எடுப்பதுதான் இந்த வேலை.

28 நாள் என்பது வேதவாக்கு ஒன்றும் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் குளிர் முன்நேர்த்தியை (வளர்ப்பில் போடுமுன் கதிருக்குக் கொடுக்கும் அதிர்ச்சியை) சோதித்துப் பார்த்த காலத்திலிருந்தே மூன்று வாரம், நான்கு வாரம், ஐந்து வாரம் என்று ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. நான்கு வாரம் என்பது வசதியான எண், அவ்வளவுதான், ஒரு மாதம் கழித்து வந்து பார்க்கலாம்.

முதலில் எதை எண்ணுகிறீர்கள் என்று சொல்லுங்கள். 100 மகரந்தப்பைக்கு எத்தனை கரு என்று எண்ணினால் குளிர் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். ஒரு கதிருக்கு எத்தனை பச்சை நாற்று மண்ணுக்குப் போனது என்று எண்ணிப் பாருங்கள். நான் முதல் ஒன்றரை வருடம் கருவைத்தான் எண்ணினேன். மாதாந்திரக் கூட்டத்தில் காட்ட அழகான பட்டை வரைபடம் இருந்தது, தொட்டியில் செடி இல்லை.

பிப்ரவரி 5

ரகம் என்ன என்று கேட்க மறந்துவிட்டேன். இக்ரி மாதிரி குளிர்கால ரகமா, வசந்தகால ரகமா? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நான் குளிரை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலுக்கு மாறிவிட்டேன். நாலே நாள் வேலை, ஃபிரிட்ஜில் இடம் பிடிக்க வேண்டியதில்லை, பூஞ்சைத் தொல்லையும் குறைவு. கருவும் அதிகம், பச்சையும் அதிகம். என் அனுபவத்தில் சந்தேகமே இல்லை.

பிப்ரவரி 5, பிறகு

செய்முறை கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: கதிரை உறையோடு வெட்டி, உறையை 70 சதவீத எத்தனாலால் துடைத்து, லேமினார் என்ற சுத்தக் காற்றுப் பெட்டிக்குள் பிரித்து, மகரந்தப்பைகளை எடுத்து மானிட்டால் கலந்த திட ஊடகத்தின் மேல் பரப்ப வேண்டும். இருட்டு, 24 அல்லது 25 டிகிரி, மூன்று நான்கு நாள். அதன் பிறகு வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். மானிட்டாலைப் பார்லி மகரந்தப்பைக்குக் கொடுத்துப் பார்த்த டன்வெல் ஆய்வு 1990இல் வந்தது. 0.7 மோலார் வரை போனவர்கள் உண்டு, 0.3, 0.4 என்று நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. நான் 0.7.

ஏன் வேலை செய்கிறது? மானிட்டாலைப் பார்லி செல் அநேகமாகச் சாப்பிடுவதில்லை. சர்க்கரை மாதிரி இருக்கும், சாப்பாடு ஆகாது. வெளியே அடர்த்தி இருப்பதால் தண்ணீரும் இழுபடும். பட்டினி ஒரு பக்கம், நீரிழுப்பு ஒரு பக்கம். அந்த அதிர்ச்சியில் நுண்வித்து, அதாவது முதிராத மகரந்தம், மகரந்தத்தூளாகும் வேலையை மறந்துவிட்டுப் பிரிய ஆரம்பிக்கிறது. நன்றாகப் பிடித்திருந்தால் நுண்ணோக்கியில் தெரியும்: ஓரத்தில் ஒட்டிக்கிடந்த உட்கரு நடுவுக்கு வந்துவிடும், பெரிய வெற்றிடக்குமிழ் துண்டு துண்டாகி இடையிடையே சைட்டோபிளாசம் இழைபோல் ஓடும், நட்சத்திரம் மாதிரி. அதைப் பார்த்த நாளில் மட்டும் எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

பிப்ரவரி 7

வளர்ப்பு ஊடகம் எது என்று கேட்டவருக்கு: எஃப்எச்ஜி. சுக்ரோஸ் வேண்டாம், மால்ட்டோஸ் போடுங்கள், லிட்டருக்கு 62 கிராம். சுக்ரோஸ் சட்டென்று குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடைந்துவிடும், பார்லி மகரந்தப்பைக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. மால்ட்டோஸ் நிதானமாக உடையும். அம்மோனியம் நைட்ரேட் வழக்கமான எம்எஸ் (முராஷிகி-ஸ்கூக்) ஊடகத்தில் 1650 மில்லிகிராம், இதில் 165 தான். நைட்ரஜனுக்கு குளுட்டமின் 730 மில்லிகிராம். குளுட்டமினை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) வைக்காதீர்கள், சிதைந்துவிடும், வடிகட்டிச் சேருங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் ஒரு பருவம் முழுக்க ஆட்டோகிளேவ் செய்துவிட்டு ரகத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் யார் என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 11

திருத்தம். கொஞ்சம் வெட்கத்தோடு.

0.7 மோலார் என்று சொன்னேன் அல்லவா. மானிட்டாலின் மூலக்கூறு எடை 182 சொச்சம், ஆக லிட்டருக்கு சுமார் 127.5 கிராம் போட வேண்டும். போட்டேன், சந்தேகம் இல்லை. இன்று புதுத் தொகுதி கலக்கலாம் என்று ஃபிரிட்ஜிலிருந்த இருப்புக் கரைசல் பாட்டிலை எடுத்தேன். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளை ஊசிகள், பஞ்சு மாதிரி கொத்துக்கொத்தாக. முதலில் பூஞ்சை என்று நினைத்துக் கொட்டப் போய்விட்டேன். சாய்த்துப் பார்த்தால் கண்ணாடியில் உரசிக் கிணுகிணு என்றது. மானிட்டால் படிகம். குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவு மானிட்டால் கரைந்து நிற்காது, அடியில் இறங்கிவிடும். மேலாக இருக்கும் தெளிந்த கரைசலை ஊற்றித்தானே இத்தனை நாள் ஊடகம் செய்தோம்? அப்படியானால் என் 0.7 எத்தனை தடவை உண்மையில் 0.7, எத்தனை தடவை அதற்குக் கீழே, யாருக்கும் தெரியாது.

ஆகவே மேலே நான் எழுதிய 'நான் 0.7' என்பதை அழித்துவிட்டுப் படியுங்கள். பாட்டிலை வெளியே வையுங்கள், குளிரில் வைத்திருந்தால் வெந்நீரில் நிறுத்தி முழுக்கக் கரைந்த பிறகே ஊற்றுங்கள்.

பிப்ரவரி 12

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: வசந்தகால ரகமாம். நினைத்தேன்.

அவருக்கு முன்நேர்த்தியைவிட முக்கியமாக நான் கேட்க விரும்பியது கதிரை எந்தக் கட்டத்தில் வெட்டுகிறார் என்பதை. "கண்ணாடி இலை விரிந்த பிறகு" என்கிறார். அது போதாது.

நுண்வித்து ஒற்றை உட்கருவோடு இருக்கும் காலத்தின் நடுவிலிருந்து கடைசி வரை, அதுதான் நமக்கு வேண்டிய ஜன்னல். முதல் மகரந்தப் பிரிவு தொடங்கிவிட்டால் பேருந்து போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் தொண்டைக்கதிர்ப் பருவம், உறை லேசாகப் புடைத்திருக்கும், சில ரகத்தில் மீசை நுனி அப்போதுதான் எட்டிப் பார்க்கும். கண்ணாடி இலையின் கழுத்துக்கும் அதற்குக் கீழ் இலையின் கழுத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து வெட்டுவதுதான் வழக்கம். ஆனால் அந்த சென்டிமீட்டர் கணக்கு ரகத்துக்கு ரகம் வேறு, ஒரே ரகத்திலேயே வெயிலுக்கும் குளிருக்கும் மாறும், அடுத்தவர் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. பருவம் தொடங்கும்போது ஒரு பத்து இருபது கதிரைப் பலி கொடுத்து நீங்களே அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்.

எப்படி? கதிரின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பூவைத் திறங்கள். மூன்று மகரந்தப்பை இருக்கும். ஒன்றை மட்டும் கண்ணாடிச் சில்லில் வைத்து, அசிட்டோகார்மைன் சாயம் ஒரு துளி, மூடிச் சில்லை வைத்துப் பென்சில் முனையால் மெல்லத் தட்டுங்கள். நுண்வித்துகள் வெளியே கொட்டும். வட்டமாக, ஒரு துளையோடு இருக்கும். உட்கரு அந்தத் துளைக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தால் கடைசிக் கட்டம். இரண்டு உட்கரு தெரிந்தால் அந்தக் கதிரை விட்டுவிடுங்கள். மகரந்தப்பையின் நிறமும் சொல்லும்: கண்ணாடி போன்ற வெளிர் பச்சை நல்லது, மஞ்சள் ஏறிவிட்டால் தாமதம். நடுப்பூக்கள் எப்போதும் முந்திக்கொள்ளும், நுனியும் அடியும் பின்தங்கும், ஆகவே நான் இரண்டு ஓரத்தையும் வெட்டி எறிந்துவிடுவேன்.

இதில் குளிர் எங்கே வருகிறது என்றால், 4 டிகிரியில் நுண்வித்தின் வளர்ச்சி முழுசாக நிற்பதில்லை, ஊர்ந்துகொண்டே இருக்கும். கடைசிக் கட்டத்தில் வெட்டிய கதிரை 28 நாள் வைத்தால் அது தாண்டிப் போயிருக்கும். குளிர் என்றால் நடுக் கட்டத்தில் வெட்டுங்கள். மானிட்டால் என்றால் கொஞ்சம் தாமதமாக வெட்டினாலும் பொறுத்துக்கொள்கிறது, என் கையில் அப்படித்தான்.

பிப்ரவரி 12, இரவு

"பேருந்து போய்விட்டது" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். அடுத்த தூரில்.

பிப்ரவரி 16

வெள்ளை நாற்று பற்றி. இரண்டு பேர் இரும்புச் சத்துக் குறை என்கிறார்கள். இல்லை. வெளிச்சம் போதவில்லை என்பதும் இல்லை, எவ்வளவு வெளிச்சத்தில் வைத்தாலும் அது பச்சையாகாது.

யோசித்துப் பாருங்கள், பார்லியில் கணிகம் (பச்சையம் தங்கும் செல் உறுப்பு) தாய்வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆண் பக்கத்தில் கணிகத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய அவசியமே செடிக்கு இல்லை. மகரந்தம் முதிர முதிர அது சிதைய விடப்படுகிறது. நாம் அந்த மகரந்தத்திடம் போய், முழுச் செடி ஆகு, பச்சையாகவும் இரு என்கிறோம். எண்பதுகளிலேயே இத்தகைய வெள்ளைச் செடிகளின் கணிக டிஎன்ஏவில் பெரிய பெரிய துண்டுகள் காணாமல் போயிருப்பதைப் பார்த்தார்கள். போன துண்டு வெளிச்சத்தில் திரும்பி வராது.

இக்ரியையும் கார்க் என்ற வசந்தகால ரகத்தையும் ஒப்பிட்டு 2000 வாக்கில் ஒரு பிரெஞ்சுக் குழு செய்த வேலை உண்டு. இக்ரி பெரும்பாலும் பச்சை, கார்க் கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளை. வளர்ப்பில் போடுவதற்கு முன்பே, நுண்வித்துக்குள்ளேயே, கார்க்கின் கணிகங்கள் கெட்டிருந்தன என்பதுதான் அதில் முக்கியம். கேள்வி கேட்டவர் இதைத்தான் கவனிக்க வேண்டும். முன்நேர்த்தி நடக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கணிகம் இன்னும் கொஞ்சம் மூப்படைகிறது. ரகம் வலுவானதாக இருந்தால் நான்கு வாரம் தாங்கும். உங்கள் ரகம் தாங்காது. இன்னும் ஒரு வாரம் வை என்ற யோசனை கருவுக்காகச் சொன்னது, நாற்றுக்காக அல்ல.

காப்பர் சல்பேட் கை கொடுக்கும். எம்எஸ் ஊடகத்தில் செம்பு 0.1 மைக்ரோமோலார்தான். முன்நேர்த்தி ஊடகத்திலேயே அதை 10 மைக்ரோமோலாராக ஏற்றினால் வசந்தகால ரகங்களில் பச்சை கூடுகிறது என்று வெளியாகியிருக்கிறது, நானும் பார்த்தேன். லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். குளிர் முன்நேர்த்தியில் கதிர் உறைக்குள் சும்மா படுத்திருக்கிறது, செம்பை எதில் கலப்பீர்கள்? மானிட்டாலில் அந்த வசதி இருக்கிறது. என் வாதத்தில் இன்னும் சாயம் போகாமல் இருப்பது இது ஒன்று.

பிப்ரவரி 17

இவ்வளவு பாடு எதற்கு, பல்போசம் முறையில் போகலாமே என்று ஒருவர். போகலாம். காஷா, காவ் இருவரும் 1970இல் சொன்னது: பார்லியை அதன் காட்டு உறவான ஹார்டியம் பல்போசத்தோடு கலந்தால் பல்போசத்தின் குரோமோசோம்கள் கருவிலிருந்து உதிர்ந்துபோய் பார்லியின் ஏழு மட்டும் மிஞ்சும். முட்டையிலிருந்து வருவதால் வெள்ளைத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் ஒவ்வொரு பூவாக மகரந்தப்பையை நீக்கி, பல்போசம் மகரந்தத்தைச் சேர்த்து, ஹார்மோன் தெளித்து, இரண்டு வாரத்தில் கருவைத் தோண்டியெடுத்து, குரோமோசோமை இரட்டிக்கக் கால்சிசினும் கொடுக்க வேண்டும். மகரந்தப்பை வழியில் பாதிக்கு மேல் செடிகளில் குரோமோசோம் தானாகவே இரட்டித்துவிடுகிறது. எனக்குக் கால்சிசின் பாட்டிலைத் தொடவே பிடிக்காது, அதனால் நான் நடுநிலையாளன் இல்லை.

இந்த வழிக்கே விதை போட்டது டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் மகேஷ்வரியும் 1964இல், ஊமத்தை இனத்தில். ஊமத்தை மகரந்தப்பைக்கு இவ்வளவு சீராட்டு தேவைப்படவில்லை. தானியங்கள் அப்படி இல்லை, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.

பிப்ரவரி 23

நான்கு நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. படிகக் கதை வந்ததிலிருந்து பழைய குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். குளிரை விட மானிட்டால் நல்லது என்று அடித்துச் சொன்னேனே, அந்த ஒப்பீடு எப்படி நடந்தது என்று பார்த்தேன்.

மானிட்டாலுக்குப் போன கதிர் எல்லாம் தாய்த் தூரும் முதல் இரண்டு தூரும். குளிருக்குப் போனவை பெரும்பாலும் பிந்திய தூர்கள். வேண்டுமென்று செய்யவில்லை. மானிட்டாலுக்கு அன்றே மகரந்தப்பையைப் பிரிக்க வேண்டும், கண் வலிக்கும் வேலை, அதனால் காலையில் தெம்பாக இருக்கும்போது பருத்த கதிராகப் பொறுக்கிச் செய்திருக்கிறேன். மிச்சமிருந்ததை மாலையில் பெட்ரி தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு போட்டுப் பாராஃபிலிம் சுற்றிக் குளிருக்கு அனுப்பியிருக்கிறேன். பிந்திய தூர்க் கதிர் சிறியது, செடியும் அதற்குள் களைத்திருக்கும். 12 முதல் 18 டிகிரிக்குள் நிதானமாக, நல்ல வெளிச்சத்தில், மருந்து தெளிக்காமல் வளர்த்த செடியின் முதல் கதிருக்கும் அதன் ஆறாவது தூருக்கும் உள்ள வித்தியாசம் எந்த முன்நேர்த்தியின் வித்தியாசத்தையும் விழுங்கிவிடும்.

போதாக்குறைக்கு அந்த வருடம் குளிர்த் தட்டுகள் இருந்தது ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டிய தட்டில். காட்டி 4 என்கிறது. இன்று வெப்பமானியை அங்கேயே வைத்துப் பார்த்தேன், விசிறி ஓடும்போது பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது. சில தட்டுகளில் கதிர் கரும்பச்சையாக ஈரம் பாய்ந்து கிடந்தது நினைவிருக்கிறது, அழுகல் என்று எழுதியிருக்கிறேன். உறைந்திருக்கிறது.

ஆக "சந்தேகமே இல்லை" என்பதை வாபஸ் வாங்குகிறேன்.

மார்ச் 3

சரி, ஒழுங்காகச் செய்வோம். இரண்டு ரகம், ஒரு குளிர்காலம், ஒரு வசந்தகாலம். ஒரே செடியில் ஒரே நாளில் ஒரே கட்டத்தில் இருக்கும் இரண்டு கதிர் எடுத்தால் மட்டும் ஜோடி. எது குளிருக்கு, எது மானிட்டாலுக்கு என்பதைக் காசு சுண்டி முடிவு செய்கிறேன். குளிர் 21 நாள், 28 நாள் என இரண்டு பிரிவு, ஃபிரிட்ஜின் நடுத் தட்டு, வெப்பமானி உள்ளேயே. மானிட்டால் 0.4, படிகத்துக்கு வாய்ப்பில்லாத அளவு, அதில் பாதித் தட்டுகளுக்குச் செம்பு. என் தம்பி வயதில் ஒரு மாணவர் இருக்கிறார், எண்ணுவது அவர், எந்தத் தட்டு எது என்று அவருக்குச் சொல்லவில்லை. "அண்ணா, நீங்களே மறந்துவிடப் போகிறீர்கள்" என்றார். எழுதிவைத்திருக்கிறேன்.

மார்ச் 19

ஒன்றும் இல்லை. காத்திருக்கிறேன். முடிவு எங்கே என்று கேட்பவர்களுக்கு: குளிர்த் தட்டு இன்னும் ஃபிரிட்ஜிலிருந்தே வெளியே வரவில்லை.

ஏப்ரல் 14

மானிட்டால் தட்டுகளில் கரு வெளியே தெரிகிறது. மகரந்தப்பை பழுப்பாகிச் சுருங்கிக் கிடக்க, பக்கவாட்டில் வெடித்து ரவை மாதிரி வெள்ளை உருண்டைகள். சிலது வழுவழுப்பாக ஒரு பக்கம் கூம்பியிருக்கிறது, அது நல்ல கரு. சிலது பொருக்குத் தட்டிய காலஸ் (உருவமில்லாத செல் திரள்), அதிலிருந்து செடி வந்தாலும் நம்பிக்கை இல்லை. இரண்டு மில்லிமீட்டர் தாண்டியதை உடனே மீட்பு ஊடகத்துக்கு மாற்றிவிட வேண்டும், தாமதித்தால் கருவும் காலஸாகிவிடும். ஒரு வார இறுதி ஊருக்குப் போய்விட்டு வந்து இதை நான் கற்றுக்கொண்டேன்.

ஜூன் 2

குறியீட்டைப் பிரித்துவிட்டோம். என் ஆய்வகத்துச் சிறு சோதனை இது, இதை வைத்து யாரும் கட்டுரை எழுத வேண்டாம்.

குளிர்கால ரகத்தில் மானிட்டாலுக்கும் 28 நாள் குளிருக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு வருடமாக நான் மெச்சிக்கொண்டிருந்தது தூரின் வித்தியாசத்தை. வசந்தகால ரகத்தில் கதை வேறு: கரு அதிகம் வந்தது 28 நாள் குளிரில்தான், பச்சை குறைவாக வந்ததும் அதில்தான். 21 நாளில் கரு குறைந்தது, பச்சை கொஞ்சம் கூடியது. மானிட்டாலும் செம்பும் சேர்ந்ததில் கரு சுமார்தான், ஆனால் கதிருக்கு இத்தனை பச்சை என்று கணக்குப் பார்த்தால் அதுவே முன்னால். செம்பில்லாத மானிட்டால் 21 நாள் குளிரோடு தோளுரசி நிற்கிறது.

மாணவர் வெள்ளை நாற்றுகளை ஒரு தட்டில் தனியாக வரிசையாக அடுக்கி வைத்திருந்தார், ஊடகத்தில் சர்க்கரை இருக்கும்வரை அவை தளதளவென்று வளரும், பச்சையைவிட அழகாகக்கூட. எறிந்துவிடு என்றேன். எண்ணி முடிக்கவில்லை அண்ணா என்றார். எண்ணிக்கையில் சேர்க்க மறந்த ஒரு தட்டாம் அது, ஆக மேலே சொன்னதில் 28 நாள் குளிருக்கு வெள்ளை இன்னும் கொஞ்சம் கூடும்.

ஜூன் 3

கேள்வி கேட்டவருக்கு நேராக: குளிரைக் கூட்டாதீர்கள். மானிட்டால் கிடைக்காவிட்டால் 21 நாளுக்கு இறக்கி, இன்னும் முந்திய கட்டத்தில் வெட்டுங்கள். கிடைத்தால் செம்போடு போடுங்கள். வழிகாட்டியிடம் கருவின் எண்ணிக்கையைக் காட்டாமல் பச்சை நாற்றின் எண்ணிக்கையை மட்டும் காட்டுங்கள், அப்புறம் அவரே வாரத்தைக் குறைக்கச் சொல்வார்.

ஜூன் 9

அவர் எழுதியிருக்கிறார், வழிகாட்டி ஒப்புக்கொண்டாராம், ஆனால் 24 நாளாம். பேரம்.

எங்கள் அடுத்த தொகுதி கண்ணாடி இலை விட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை வெட்டு. மானிட்டால் பாட்டில் மேசை மேல் வெளியேதான் இருக்கிறது, காலையில் ஒரு தடவை சாய்த்துப் பார்த்தேன், சத்தம் வரவில்லை.